ஒரு காதுதான் கேட்கும், பாட்டு ஸ்டீரியோவில் போக வேண்டும்: வீட்டில் மிக்ஸ் செய்ய ஒரு வழி

எனக்கு இடது காது கேட்காது. நாலாம் வகுப்பில் பொன்னுக்கு வீங்கி வந்தது; வீக்கம் வடிந்தபோது அந்தக் காதும் போயிருந்தது. வலது காது நன்றாகவே கேட்கும். வீடு கோத்தகிரிக்குக் கீழே அரவேணுவில். பகலில் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன், ராத்திரி பின்னறையில் பாட்டு பதிந்து மிக்ஸ் செய்கிறேன், அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் கருவிகளையும் ஒரே பாட்டாகக் கலக்கிறேன். கடைசியில் அது ஸ்டீரியோவாக, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என இரண்டு சேனலில் போக வேண்டும்.

கூலி வாங்கிக்கொண்டு நான் மிக்ஸ் செய்த முதல் பாட்டு, படுகர்களின் ஹெத்தை அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்காகப் பக்கத்து ஹட்டிக்காரர்கள் (படுகர் ஊர்க்காரர்கள்) பாடிய படுகுப் பாட்டு. புல்லாங்குழலை நண்பர் ஒருவர் பதிந்து கொடுத்திருந்தார், இடது பக்கம் முழுக்கத் தள்ளிவைத்த ஃபைலாக. ஹெட்போனில் எனக்கு அந்தக் குழல் பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோல் கேட்டது. ஏற்றினேன். போதவில்லை என்று இன்னும் ஏற்றினேன். மறுநாள் பாடகரின் ஜீப்பில் போட்டுக் கேட்டோம். இடது கதவு ஸ்பீக்கரை ஒட்டி உட்கார்ந்திருந்த அவருடைய அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்க தம்பி, பாட்டு குழல்காரருக்கா, எங்க தம்பிக்கா?" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் தட்டுத்தடுமாறி ஒரு முறையைப் பிடித்தேன். அதன் அடிப்படை சின்னது. மிக்ஸிங்கில் ஒரு காதுக்குப் பிடிபடாத விஷயம் ஒன்றே ஒன்று: ஒலி இடமா வலமா என்பது. குரல் முன்னால் இருக்கிறதா, பேஸ் குழம்புகிறதா, எதிரொலி அதிகமா என்பதெல்லாம் ஒரு காதுக்கே தெரியும். அதனால் இட வலத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கடைசிக்குத் தள்ளி, வேறு வழியில் செய்துகொள்ள வேண்டும்.

கீழே எல்லாம் என் வலது காதை வைத்து எழுதியது. உங்களுக்கு இடது காதுதான் நல்லது என்றால் இட வலத்தைத் திருப்பி வாசித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஆடியோகிராம் எடுங்கள், தாளைக் கையில் வாங்குங்கள்

கருவி வாங்கக் கிளம்புமுன் நல்ல காதைச் சோதித்துவிடுங்கள். "அது நல்லாத்தானே கேக்குது" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ப்யூர் டோன் ஆடியோமெட்ரி என்று கேளுங்கள். ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலிவரை கேட்கிறது என்று பார்க்கும் சோதனை அது, அதன் வரைபடம்தான் ஆடியோகிராம். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, இல்லாவிட்டால் கோயம்புத்தூர். நான் கோவையில் ஒரு தனியாரிடம் 600 ரூபாய்க்கு எடுத்தேன். பஸ்ஸும் சாப்பாடும் தனி, ஒரு நாள் லீவும் போச்சு.

சோதனைக்கு முந்தின ராத்திரி ஹெட்போன் போட வேண்டாம். சளி இருந்தால் தேதியைத் தள்ளிவையுங்கள். கேட்காத காதைச் சோதிக்கும்போது நல்ல காதில் இரைச்சல் போடுவார்கள். அது மறைப்புக்காக, கருவி கெட்டுப்போனதால் இல்லை.

இங்கே ஒரு பொறி. எனக்கு முதல் தடவை "வலது: இயல்பு" என்று ஒற்றை வரிச் சீட்டுதான் கொடுத்தார்கள். நமக்கு அது போதாது. 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை புள்ளி வைத்த வரைபடம் வேண்டும். அதைக் கேட்டு இன்னொரு தடவை மலை இறங்கினேன். எல்லாப் புள்ளியும் 25 டெசிபெலுக்குள் இருந்தால் நல்லது. 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் இருந்தால் அது பெரும்பாலும் சத்தத்தால் வந்த சேதம். என் வரைபடத்தில் அங்கே லேசாக ஒரு பள்ளம் இருந்தது. என் மிக்ஸில் ஜால்ரா எப்போதும் கூர்மையாகக் குத்துகிறது என்று ஆட்கள் சொன்னதன் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது: எனக்குக் கேட்காததை நான் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆடியோகிராம் எடுத்த கையோடு "மாற்றுத்திறனாளி அட்டைக்குப் போடு, கருவிக்கு மானியம் கிடைக்கும்" என்று யாராவது சொல்வார்கள். அலைய வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேளாமையை இரண்டு காதையும் வைத்தே வரையறுக்கிறது. சதவீதக் கணக்கும் அப்படித்தான்: நல்ல காதின் இழப்பை ஐந்தால் பெருக்கி, மோசமான காதின் இழப்பைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். ஒன்று முழுசாகப் போய் மற்றது முழுசாக நன்றாக இருந்தால் சுமார் 17 சதவீதம்தான் வரும். சலுகைகளுக்கு வேண்டியது 40.

கேட்காத பக்கத்து ஒலியை எடுத்து நல்ல காதுக்கு அனுப்பும் க்ராஸ் வகைக் கருவி இருக்கிறது. பேச்சுக்கு உதவும். ஸ்டீரியோவைத் திருப்பித் தராது. வைத்திருப்பவர்கள் மிக்ஸ் செய்யும்போது கழற்றிவிடுங்கள்.

2. வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

நான் கொடுத்த விலைகள் இவை. பழைய லேப்டாப் ஏற்கெனவே இருந்தது. மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் செகண்ட் ஹேண்ட், 5,500. காதை முழுக்க மூடும் வயர் ஹெட்போன், 4,800. பாட்டு பதிந்து மிக்ஸ் செய்யும் ரீப்பர் மென்பொருளை 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், அப்புறம் நம்மைப் போன்ற சிறிய ஆட்களுக்கான உரிமம் 60 டாலர். வாக்ஸெங்கோ நிறுவனத்தின் ஸ்பேன், எம்எஸ்இடி என்ற இரண்டு பிளக்இன்களும் (ரீப்பருக்குள் பொருத்தும் சிறு மென்பொருள்கள்) இலவசம். சத்தத்தை அளக்க யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பும் போதும்.

ஸ்பீக்கர் விஷயத்தில்தான் பணத்தை விட்டேன். ஜோடியாக 11,000 கொடுத்து வாங்கி, ஒன்றைப் பெட்டியோடு பரண்மேல் வைத்திருக்கிறேன். நமக்குத் தேவை ஒரே ஒரு ஸ்பீக்கர். பழையது ஒற்றையாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். ஒற்றை என்பதாலேயே விலை படியும்.

வாங்கக் கூடாதது: ஸ்டீரியோ பின்னை மோனோவாக்கும் (இரண்டு சேனலையும் ஒன்றாக்கும்) என்று சொல்லி விற்கிற மலிவான மாற்றி. இரண்டு சேனலையும் சரியாகக் கூட்ட அதற்குள் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். நான் வாங்கியது இடது சேனலை மட்டும் கொடுத்துவிட்டு வலத்தை அப்படியே விட்டுவிட்டது. இரண்டு வாரம் பாதிப் பாட்டை வைத்து மிக்ஸ் செய்திருக்கிறேன். கூட்டும் வேலையை மென்பொருளிடம் விடுங்கள்.

3. கணினியில் மூன்று பொத்தான்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். மூன்று விதமாகக் கேட்கும் வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்: மோனோ, இட வல மாற்று, ஓரம் மட்டும்.

ரீப்பரில் வியூ மெனுவுக்குள் மானிட்டரிங் எஃப்எக்ஸ் என்று ஒன்று உண்டு. அங்கே போடும் எதுவும் உங்கள் காதுக்கு மட்டும்தான், ஏற்றுமதி ஆகும் ஃபைலில் சேராது. எம்எஸ்இடியை அங்கே மூன்று தடவை போடுங்கள். ஒன்றில் சைடை (இரு சேனலிலும் வேறுபடுவதை) ஊமையாக்கினால் மோனோ. இரண்டாவதில் சேனல் மாற்றை அழுத்தினால் இடது சேனல் உங்கள் வலது காதுக்கு வரும். மூன்றாவதில் மிட்டை ஊமையாக்கினால் இரு சேனலுக்கும் பொதுவானது போய், வேறுபடுவது மட்டும் கேட்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓட வேண்டும், மற்ற இரண்டும் பைபாஸ்.

பொறிகள் மூன்று, மூன்றிலும் நான் விழுந்திருக்கிறேன்.

மோனோ பிளக்இன்னை, எல்லாக் கருவிகளின் ட்ராக்குகளும் வந்து சேரும் மாஸ்டர் ட்ராக்கில் போட்டால் ஏற்றுமதி ஃபைலும் மோனோவாகவே போகும். ஒரு கிறிஸ்துமஸ் பாடல் தொகுப்பு முழுவதையும் அப்படிக் கொடுத்து, திருப்பி வாங்கி, மறுபடி செய்தேன். அதனால்தான் மானிட்டரிங் எஃப்எக்ஸ் என்று அழுத்திச் சொல்கிறேன்.

விண்டோஸ் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதியின் ஆடியோவுக்குள் மோனோ ஆடியோ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. படம் பார்க்கவும் பாட்டு கேட்கவும் அருமை. ஆனால் உங்கள் இன்டர்ஃபேஸ் ஆசியோ டிரைவரில் (இன்டர்ஃபேஸோடு நேராகப் பேசும் மென்பொருள்) ஓடினால் ஒலி விண்டோஸைச் சுற்றிக்கொண்டு போய்விடும், அந்தச் சுவிட்ச் வேலை செய்யாது. மோனோவில்தான் கேட்கிறோம் என்று நம்பிக்கொண்டு வலது சேனலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சோதிக்க எளிய வழி: ஏதாவது ஒரு ட்ராக்கை முழுக்க இடப்பக்கம் தள்ளுங்கள். வலது காதில் தெளிவாகக் கேட்டால் மோனோ ஓடுகிறது.

ஆசியோ இல்லாமல் கேட்பவர்களுக்கு இதற்கு நேரெதிரான சிக்கல். விண்டோஸ் மோனோ ஆனில் இருக்கும்போது "ஓரம் மட்டும்" பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே கேட்காது. வேறுபடும் ஒலி ஒரு சேனலில் நேராகவும் மறு சேனலில் தலைகீழாகவும் வருவதால் இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். பிளக்இன் கெட்டுவிட்டது என்று நினைத்து ராத்திரி ஒரு மணி வரை மறுபடி மறுபடி நிறுவிக்கொண்டிருந்தவன் எழுதுகிறேன்.

4. பதிவு: மழைக்கு முன் முடியுங்கள்

ஹப்பா டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில் வரும். பாட்டு போட வேண்டும் என்று ஆட்கள் வருவது அக்டோபர், நவம்பரில். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை கொட்டுவதும் அப்போதுதான். தகரக் கூரைக்குக் கீழே மைக்கைத் திறந்தால் மழைதான் பாடகர். "குரலை மட்டும் செப்டம்பரிலேயே பதிந்துவிடலாம், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இப்போதெல்லாம் முன்பே சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் கரண்டும் போகும். லேப்டாப் பேட்டரி இருந்தாலும் ஸ்பீக்கருக்கு இல்லை, அந்த நேரத்தில் ஹெட்போன் வேலைகளைப் பாருங்கள். கண்டென்சர் மைக்கைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவையுங்கள், ஈரம் அதற்கு ஆகாது.

ஒரு காதுக்காரருக்கு மட்டும் உள்ள சிரமம் ஒன்று உண்டு. சத்தம் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. எங்கோ ஒரு உறுமல். ஃபிரிட்ஜா, பக்கத்துத் தோட்டத்து மோட்டாரா? மைக்கையே கையில் எடுத்து, ஹெட்போனில் மோனோவாகக் கேட்டபடி, அறையைச் சுற்றி மெதுவாகத் திருப்புங்கள். முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக் என்றால் எந்தத் திசைக்குக் காட்டும்போது உறுமல் கூடுகிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறார். ஒரு தடவை ஜன்னலுக்கு வெளியே காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்ததைக்கூட இப்படித்தான் கண்டுபிடித்தேன். அன்றைக்கு ஒலிப்பதிவு இல்லை.

ஒவ்வொரு கருவியையும் ஒற்றை மைக்கில், மோனோவாகப் பதியுங்கள். இரண்டு மைக் வைத்து ஸ்டீரியோவாக எடுக்கும் ஆசை வேண்டாம். அந்த இரண்டின் ஒலியும் ஒன்றையொன்று அழிப்பதை நம்மால் உடனே பிடிக்க முடியாது. கிடார் அகலமாக வேண்டுமென்றால் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே பதிவை நகலெடுத்து 10 மில்லிசெகண்ட் தள்ளி மறுபக்கம் வைப்பது குறுக்குவழி. மோனோவில் கூட்டும்போது 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று சீப்புப் பல்போல இடைவெளி விழுந்து, கிடார் தகர டப்பாவாகிவிடும்.

5. முழு மிக்ஸும் மோனோவில்

எல்லா ட்ராக்கின் பேனையும் (ஒலியை இடமோ வலமோ தள்ளும் திருகு) நடுவில் வையுங்கள். நண்பர்கள் கொடுத்த ஸ்டீரியோ ஃபைல்களையும் திறந்து பாருங்கள். என் புல்லாங்குழல் அப்படி ஒளிந்திருந்ததுதான். மோனோ பொத்தான் ஆனில் இருக்கட்டும்.

ஸ்பீக்கரை மூக்குக்கு நேராக வைக்காமல் நல்ல காதுப் பக்கம் கொஞ்சம் ஒதுக்கி, முகத்திலிருந்து 30 டிகிரி வாக்கில் வையுங்கள். கேட்காத பக்கம் வைத்தால் தலையே மறைத்துவிடும். பேஸ் சுற்றிக்கொண்டு வந்துசேரும், உச்ச ஒலிகள் வராது. நாற்காலிக் கால்கள் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். தலை சற்றுத் திரும்பினாலே நமக்கு ஜால்ராவின் அளவு மாறிவிடும், இரண்டு காதுக்காரர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது.

இந்தக் கட்டத்தில் நமக்குக் குறை ஒன்றுமில்லை. இரண்டு காதுக்காரர்கள் இரண்டு கருவிகள் முட்டிக்கொண்டால் ஒன்றை இடத்துக்கும் ஒன்றை வலத்துக்கும் தள்ளித் தப்பித்துக்கொள்வார்கள். நமக்கு அந்த வசதி இல்லாததால் ஈக்யூவில்தான் (கனத்த, கூரிய ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) தீர்க்க வேண்டும். ஹார்மோனியமும் கிடாரும் ஒரே இடத்தில் மோதினால் ஒன்றிலிருந்து கொஞ்சம் வெட்டுங்கள். நடுவிலேயே எல்லாம் தனித்தனியாகக் கேட்கும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். எனக்கு இதற்கே இரண்டு ராத்திரி ஆகும்.

எதிரொலியில் மட்டும் கவனம் வேண்டும். ஸ்டீரியோ ரிவர்பின் பெரும்பகுதி ஓரங்களில் இருக்கிறது, மோனோவில் அது குறைந்து கேட்கும். போதவில்லை என்று ஏற்றுவோம். ஸ்டீரியோவில் கேட்பவருக்குப் பாடகர் கிணற்றுக்குள் நிற்பார். நான் மோனோவில் போதும் என்று தோன்றும் அளவிலிருந்து 2 டெசிபெல் இறக்கிவிடுவேன்.

6. இட வலம்: சத்த வித்தியாசமாகக் கேளுங்கள்

இதுதான் நான் அதிக நாள் முட்டி மோதிய இடம். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே ஒலி எங்கே மிதக்கிறது என்று நமக்குக் கேட்காது. ஆனால் பேன் என்பதே இரண்டு சேனலுக்கு இடையிலான சத்த வித்தியாசம்தான். சத்த வித்தியாசம் ஒரு காதுக்கு நன்றாகத் தெரியும்.

செய்முறை இப்படி. முதலில் ரீப்பரின் புராஜெக்ட் அமைப்புகளில் பேன் விதியை மைனஸ் 3 டெசிபெலுக்கு மாற்றுங்கள். வழக்கமாக அது பூஜ்யத்தில் இருக்கும், அப்படியே விட்டால் ஓரத்துக்குத் தள்ளும்போதெல்லாம் ஒலி சிறுத்துப்போகும். மோனோவை அணைத்துவிட்டு ஹெட்போன் போடுங்கள். ஒரு ட்ராக்கை மட்டும் ஓடவிட்டு, இட வல மாற்றுப் பொத்தானை அழுத்தி அழுத்தி எடுங்கள். நடுவில் இருக்கும் குரல் மாறவே மாறாது. வலப்பக்கம் பாதி தள்ளிய கிடார், பொத்தானை அழுத்தியதும் ஏழெட்டு டெசிபெல் இறங்கும். வித்தியாசம் 15 முதல் 18 டெசிபெலைத் தொட்டால் கேட்பவருக்கு அது முழுக்க ஒரு பக்கத்தில்தான். இரண்டு வாரம் பழகினால் அந்த இறக்கத்தைக் கேட்டே "இது பாதி, இது முக்கால்" என்று சொல்ல வந்துவிடும். எனக்கு வந்தது.

நான் வைத்திருக்கும் இடங்கள் ஐந்துதான்: நடு, இரு பக்கமும் பாதி, இரு பக்கமும் முழுக்க. குரல், பேஸ், தாளத்தின் அடி எப்போதும் நடு. மிச்சத்தைச் சோடி சோடியாகப் பிரிப்பேன்: கிடார் இடப்பக்கம் பாதி என்றால், அதே சுருதி வட்டாரத்தில் வாசிக்கும் ஹார்மோனியம் வலப்பக்கம் பாதி. குழலுக்குச் சோடியாகக் கோரஸ். இதைக் கணினியில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு நோட்டில் எழுதுங்கள். பாட்டின் பெயர், தேதி, ட்ராக், இடம் என்று நாலு பத்தி. ஆறு மாதம் கழித்துத் திருத்தம் கேட்டு வந்தால் அந்த நோட்டுதான் உங்கள் இன்னொரு காது.

எல்லாவற்றையும் பிரித்த பிறகு முழுப் பாட்டையும் ஓடவிட்டு ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகக் கேளுங்கள். நேராக ஒரு தடவை, மாற்றுப் பொத்தானோடு ஒரு தடவை. இரண்டிலும் பாட்டு பாட்டாக இருக்க வேண்டும். பஸ்ஸில் ஒரே இயர்போனை மாட்டிக்கொண்டு வருகிற பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கத்தை மாட்டுவார்கள் என்று நமக்குத் தெரியாது.

மறுபடி மோனோவுக்குப் போனால் ஓரத்துக்குத் தள்ளியவை 3 டெசிபெல் குறைந்திருக்கும். பதற வேண்டாம், அது கணக்குப்படி நடப்பது. நான் அவற்றை ஒன்று, ஒன்றரை டெசிபெல் ஏற்றி இரண்டுக்கும் நடுவில் சமாதானம் செய்துகொள்கிறேன்.

7. கண்ணால் ஒரு சோதனை

ஸ்பேனில் கோரிலேஷன் மீட்டர் இருக்கிறது. முள் பிளஸ் 1 பக்கம் இருந்தால் இரண்டு சேனலும் ஒன்றுபோல. பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் அகலம். மைனஸில் தங்கினால் ஏதோ ஒன்று மோனோவில் காணாமல் போகப்போகிறது. அகலப்படுத்தும் பிளக்இன்களும் கீபோர்டின் ஸ்டீரியோ ஒலிகளும்தான் வழக்கமான குற்றவாளிகள். சந்தேகம் வந்தால் "ஓரம் மட்டும்" பொத்தானை அழுத்துங்கள். குரல் அங்கே பலமாகக் கேட்டால் எங்கோ தப்பு.

இடது வலது மீட்டர்களையும் பல்லவி ஓடும்போது பாருங்கள். சராசரியில் ஒரு டெசிபெலுக்கு மேல் சாய்ந்திருந்தால் திரும்பிப் போய்ச் சோடிகளைப் பார்ப்பேன்.

8. இருக்கும் ஒன்றைக் காப்பாற்றுங்கள்

இரண்டு காதால் கேட்கும்போது அதே ஒலி இன்னும் பலமாகத் தோன்றும். நமக்கு அந்தக் கூடுதல் கிடையாது, ஆகவே அறியாமலேயே வால்யூமை ஏற்றுவோம். 85 டெசிபெலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது தொழிலிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் பாதுகாப்பு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான். ஸ்பீக்கரில் 70 பக்கம் வைத்துப் பழகுங்கள். பாட்டு ஓடும்போதே அறையில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிந்தால் சரியான அளவு. 45 நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து டீ போடுவேன், இந்த ஊரில் அதற்கா பஞ்சம்?

அடுத்தது மலைக்காரர்களுக்கு மட்டும். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோத்தகிரி சுமார் 1,800 மீட்டரில். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் அந்த உயரத்தை ஏறி வந்தால் காது அடைக்கும். மற்றவர்களுக்கு அது சின்னத் தொல்லை. நமக்கு இருக்கிற ஒரே அளவுகோல் கோணிப்போகிறது. மேட்டுப்பாளையம் போய்வந்த ராத்திரி நான் மிக்ஸைத் தொடுவதில்லை. ஒருமுறை தொட்டு, மறுநாள் கேட்டபோது உச்ச ஒலியெல்லாம் ஊசியாகக் குத்தியது. சளிக்கும் அதே விதி. அந்த நாட்களில் ட்ராக்குக்குப் பெயர் வைப்பது, இரைச்சலை வெட்டுவது, பில் எழுதுவது என்று காது வேண்டாத வேலைகளைப் பாருங்கள்.

ஆனால் மலை ஏறாமலும் சளி பிடிக்காமலும் நல்ல காது திடீரென்று மந்தமானாலோ, இரைச்சல் கேட்டாலோ, அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீர் கேளாமைக்கு ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் அதிகம். அழுக்குதான் என்று பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றிக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருக்காதீர்கள்.

9. ஒருவரின் இரண்டு காதுகளை வாடகைக்கு எடுங்கள்

கடைசியாக ஸ்டீரியோவை இரண்டு காதுள்ள ஒருவர் கேட்டே ஆக வேண்டும். இசை தெரிந்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. எனக்குப் பக்கத்து வீட்டில் கல்லூரி படிக்கிற பெண் கேட்டுக் கொடுக்கிறாள், பாட்டுக்கு 200 ரூபாய். முதலில் வாங்க மறுத்தாள். காசு கொடுத்தால்தான் இரண்டாம் தடவை கேட்கச் சொல்ல நமக்கு வாய் வரும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

"நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். நல்லா இருக்குண்ணா என்றுதான் சொல்வார்கள். ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடச் சொல்லி, "குழல் எங்கே? விரலால் காட்டு" என்று கேளுங்கள். "கிடார்? கோரஸ்?" விரல் காட்டும் இடத்தை நோட்டோடு ஒப்பிடுங்கள். அடுத்து ஒரே ஒரு கேள்வி: "தலை எந்தப் பக்கமாவது இழுக்கிறமாதிரி இருக்கா?" அவ்வளவுதான், பத்து நிமிஷ வேலை. ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டு எல்லாம் தலைகீழ் என்று சொன்ன கதையும் உண்டு. ஹெட்போனில் உள்ள L, R எழுத்தைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள்.

10. ஒப்படைப்பு: ஃபைல், தாள், நாட்கள்

இரண்டு ஃபைல் கொடுங்கள், இரண்டும் 24 பிட் வேவ். ஒன்று ஸ்டீரியோ: யூடியூப், ஸ்பாட்டிஃபை போன்றவை மைனஸ் 14 லஃப்ஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) வாக்கில் சத்தத்தைச் சமன் செய்துவிடும், ஆகவே அதைத் தாண்டி நசுக்கி ஏற்றுவதில் பெரிய லாபமில்லை, உச்சி மைனஸ் 1 டெசிபெலுக்கு மேலே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று மோனோ. ஹப்பாவிலும் கோயில் திருவிழாவிலும் மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரில்தான் பாட்டு ஓடும், அது மோனோ. ஊரே கேட்கப்போவது நீங்கள் காதால் செய்த அந்தப் பாகத்தைத்தான்.

தாள் இரண்டு. பாடியவர், எழுதியவர், மெட்டமைத்தவர் மூவரும் வெளியிடச் சம்மதித்துக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று. பாட்டு பரவிய பிறகு இந்தக் கையெழுத்தை வாங்குவது மகா கஷ்டம். எத்தனை திருத்தம் இலவசம் என்று எழுதிய பில் இன்னொன்று. நான் இரண்டு என்று எழுதுகிறேன்.

ஒரு காது விஷயத்தை வாடிக்கையாளரிடம் சொல்லலாமா? நான் முன்பணம் வாங்குமுன்பே சொல்லிவிடுகிறேன். இதுவரை ஒருவர்தான் திரும்பிப் போனார். மறைத்துவைத்து ஜீப்பில் மாட்டிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

நாட்கள்: ஐந்தாறு ட்ராக் உள்ள பாட்டுக்கு, ராத்திரிக்கு இரண்டு மணி நேரம் என்று, சுத்தம் செய்ய ஒரு நாள், மோனோ மிக்ஸுக்கு இரண்டு, இட வலத்துக்கு ஒன்று, காதுக்கு ஓய்வாக ஒரு நாள், அப்புறம் சோதனையும் ஒப்படைப்பும் ஒரு நாள். ஆறு நாள். ஒரு வாரம் என்று சொல்லுங்கள், மழைக்காலத்தில் பத்து நாள்.

அனுப்புமுன் விண்டோஸ் மோனோவை அணைத்துவிட்டு, ஏற்றுமதி செய்த ஸ்டீரியோ ஃபைலை ஒரு புதுப் புராஜெக்டில் திறந்து, இரண்டு சேனலின் அலை வடிவமும் வேறுவேறாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பார்த்த பிறகு அந்தச் சுவிட்சைத் திரும்ப ஆன் செய்யுங்கள். நான் அடிக்கடி மறந்துவிட்டு, அப்புறம் படம் பார்க்க உட்கார்ந்தால் பாதி வசனம் காணாமல் போய், படம்தான் சரியில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பேன்.